ஆர்எஸ்டி-12 ஷெல்லுல டபிள்யூடிஎம்-2: பெயிண்ட் மட்டும் மாத்தினா போதுமா?

2022 ஜூன் 4, கேள்வி

எங்கிட்ட அட்லஸ் கம்பெனியோட எச்ஓ (1:87.1 ஸ்கேல்) மாடல் டீசல் லோகோ, ஆர்எஸ்டி-12 ஒண்ணு பெட்டியோட சும்மா கிடக்குது. அதுவும் ஆல்கோ (அமெரிக்க லோகோ கம்பெனி) டிசைன், நம்ம இந்திய ரயில்வே டீசல் டபிள்யூடிஎம்-2வும் ஆல்கோ. ரெண்டுக்கும் ஆறு ஆக்ஸில், ரெண்டுக்கும் 251 இன்ஜின். மெரூன் பெயிண்ட் அடிச்சு நம்பர் எழுதிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நான் சொல்றேன். மூணடி தள்ளி நின்னு பார்த்தா யாருக்கும் தெரியாது. இல்லைங்கறவங்க காரணம் சொல்லுங்க.

2022 ஜூன் 4, ராத்திரி 11 மணி

தெரியும். பத்தடி தள்ளி நின்னாலும் தெரியும். முன்னாடி பஃபர் (இடிய தாங்கற வட்டத் தலை) இல்லையே.

2022 ஜூன் 5

நேத்து ஒரு வரில சொல்லிட்டு போயிட்டேன், அது பத்தாது. இதே ஆர்எஸ்டி-12 என் மேஜை மேல பிரிச்சு கிடக்கறதால கொஞ்சம் விவரமா எழுதறேன்.

நீங்க சொன்னதுல பாதி சரி. டபிள்யூடிஎம்-2க்கு ஆல்கோ வச்ச பேரு டிஎல்560சி. 1962ல அமெரிக்காவுல இருந்து வந்துச்சு, 1964 ஜனவரில வாரணாசி டிஎல்டபிள்யூ-ல (டீசல் லோகோ தொழிற்சாலை) முதல் வண்டி வெளிய வந்துச்சு. போகி (வண்டிக்கு அடியில இருக்கற சக்கரச் சட்டம்) ரெண்டுலயும் அந்த ட்ரைமவுண்ட் தான், மூணு ஆக்ஸிலும் சம தூரத்துல இருக்காது, நடு ஆக்ஸில் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கும், உள்ள மூணு மோட்டரையும் அடைக்கணும்ல அதுக்காக. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் எல்லாரும் ஆர்எஸ்டி வரிசைய தேடி வாங்கறோம். சம இடைவெளி போகி இருக்கற வேற எந்த ஆறு ஆக்ஸில் மாடல எடுத்தாலும் சைடுல பார்த்த உடனே கண்ண உறுத்தும், அத மட்டும் பட்டி வச்சு சரி பண்ண முடியாது.

ஆனா ஆர்எஸ்டி-12ல 12 சிலிண்டர், 1800 குதிரைத்திறன். நம்மளுது 16 சிலிண்டர், 2600. நாலு சிலிண்டர் கூட இருந்தா லாங் ஹூட்டுக்குள்ள (இன்ஜின மூடற நீளமான பக்கம்) அதுக்கு இடம் வேணுமே. அதனால கேப் (ட்ரைவர் அறை) இருக்கற இடமே ஒத்துப்போகல, அதுக்கு மறுபக்கம் இருக்கற ஷார்ட் ஹூட்ட வெட்டி குட்டையாக்கி கேப்ப அந்தப் பக்கம் நகர்த்தி வச்சாத்தான் நம்ம வண்டி மாதிரி உட்காருது. அப்புறம் நீளம். டபிள்யூடிஎம்-2 நீளம் 17,120 மி.மீ., 87.1-ஆல வகுத்தா 196.6 மி.மீ. ஷெல் அவ்வளவு வரல. நான் லோகோ நடைமேடைய (ஹூட் பக்கத்துல ஆள் நடக்கற தளம்) நடுவுல வெட்டி, ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) ஷீட் சொருகி ஒரு விரல் அகலம் கிட்ட நீட்டியிருக்கேன். காஞ்சதும் தேய்க்கணும்.

2022 ஜூன் 5, சாயங்காலம்

ஒருத்தர் கேட்டிருந்தார், ஏன் இவ்வளவு பாடு, பாடிய 3டி பிரிண்ட் எடுத்துக்கலாமேன்னு. எடுக்கலாம், தப்பே இல்ல. எனக்கு கதவு இடுக்கு, கீல் இதெல்லாம் மோல்டு போட்ட ஷெல்லுல இருக்கற கூர்மை பிடிக்கும். பிரிண்ட்டுல அந்த வரி வரியா இருக்கறத தேய்ச்சு எடுக்கறதுக்குள்ள பக்கத்துல இருக்கற ஆணி வரிசையும் சேர்ந்து போயிடுது. ரேசர் சா வச்சு மெதுவா அறுக்கற வேலைல ஒரு சுகமும் இருக்கு.

2022 ஜூன் 19

அஞ்சாம் தேதி நான் எழுதினத யாரும் பின்பற்ற வேண்டாம். ஷெல்ல நீட்டாதீங்க.

17,120ங்கறது பஃபர் முனைல இருந்து பஃபர் முனை வரைக்கும். அமெரிக்க மாடலுக்கு பஃபரே கிடையாது, நான் பாட்டுக்கு அந்த அளவ ஃபிரேம் நீளத்தோட ஒப்பிட்டுட்டேன். ஹெட்ஸ்டாக்ல (ஃபிரேம் முனைல பஃபர் மாட்டற பீம்) இருந்து ஹெட்ஸ்டாக் வரைக்கும் 15,862 மி.மீ. தான், மாடல்ல 182 மி.மீ. மீதி 14.4 மி.மீ. ரெண்டு பக்க பஃபரும் எடுத்துக்குது, பக்கத்துக்கு 7.2. ஆக ஆர்எஸ்டி-12 ஃபிரேம் கிட்டத்தட்ட அப்படியே சரி, பஃபர் பீம் வர்ற இடத்துல அரம் போட்டு கொஞ்சம் தேய்ச்சா போதும், நீட்ட வேண்டிய அவசியமே இல்ல. பஃபருக்கு ட்ரில் போட இடம் குறிக்கும்போதுதான் இது மண்டைல ஏறிச்சு. ஒட்டினத மறுபடி அதே கோட்டுல அறுத்து, சொருகின துண்ட எடுத்து, ரெண்டு நாள் போச்சு. நடைமேடை மேல இருந்த டைமண்ட் பேட்டர்ன் அந்த இடத்துல அழிஞ்சிடுச்சு, பித்தளை மெஷ்ல இருந்து வெட்டி மேல ஒட்டணும்.

எந்த லோகோ டிராயிங் எடுத்தாலும் முதல்ல பாருங்க, அளவு எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு. நம்ம ஊர் வண்டிக்கு நீளம் பெரும்பாலும் பஃபரோட சேர்த்துத்தான் எழுதியிருப்பாங்க.

2022 ஜூலை 2

கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) பத்தி பேசாம இந்தக் கதை நகராது.

நம்ம பிராட்கேஜ் 1676 மி.மீ. எச்ஓ ஸ்கேல்ல அது 19.24 மி.மீ. வரணும். நாம ஓட்டறது 16.5 மி.மீ. தண்டவாளம், அது அமெரிக்காகாரங்க 1435 மி.மீ. கேஜுக்கு கணக்கு சரி. ஆக ஒவ்வொரு பக்கமும் சக்கரம் 1.37 மி.மீ. உள்ள தள்ளி நிக்குது. சைடுல தெரியாது. முன்னாடி இருந்து, ரயில் மட்டத்துக்கு கண்ண இறக்கி பார்த்தீங்கன்னா, ஒல்லிக்கால் மேல தடி உடம்பு நிக்கற மாதிரி இருக்கும். டபிள்யூடிஎம்-2வோட கம்பீரமே அது அகலமா தரைய பிடிச்சு நிக்கறதுலதான் இருக்கு. ஸ்டேஷன்ல பிளாட்ஃபாரம் முனைல நின்னு அது உள்ள வர்றத பார்த்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

வழி இருக்கா? இருக்கு. 1:101.6 ஸ்கேலுக்கு போயிட்டா, அதாவது ஒரு அடிக்கு மூணு மில்லிமீட்டர், 1676 மி.மீ. கச்சிதமா 16.5 ஆயிடுது. இந்த கணக்கு முதல் தடவ வந்தப்ப நான் கால்குலேட்டர்ல மூணு தடவ போட்டுப் பார்த்தேன். நம்ம கேஜுக்குன்னே அளந்து வச்ச மாதிரி ஒரு ஸ்கேல், எச்ஓ ட்ராக், எச்ஓ சக்கரம் எல்லாத்தையும் அப்படியே வச்சுக்கலாம். ஆனா அந்த ஸ்கேல்ல பாடி, பெட்டி, வேகன், ஆளுங்க, ஸ்டேஷன் எல்லாமே நாமளே செய்யணும், ஆர்எஸ்டி-12 ஷெல்லும் ஆகாது, அது பெருசாயிடும். ரெண்டு ராத்திரி இதையே யோசிச்சுட்டு படுத்தேன். எங்கிட்ட ஏற்கனவே பதினாலு எச்ஓ பெட்டி இருக்கு, அதுல ஒன்பது முழுசா நானே செஞ்சது. விட மனசு வரல.

இல்லைன்னா 19.24-க்கு தண்டவாளத்த கையால போட்டு ஆக்ஸில் நீளமாக்கணும். பாயிண்ட் (தடம் பிரியற இடம்), கிராஸிங் எல்லாம் கையால. அப்படி செய்யறவங்கள கும்பிடறேன். எனக்கு இருக்கறது எட்டுக்கு பத்து ரூம், அதுலயும் பாதி பீரோவுக்கு.

முடிவு: 16.5லயே இருக்கேன். ஆனா போகி சைடு ஃபிரேம வெளிய தள்றேன். உள்பக்கம் 0.75 மி.மீ. ஸ்டைரீன் பட்டை ஒட்டி. முழுசா 1.37 தள்ளிப் பார்த்தேன், அப்போ சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல இடைவெளி பளிச்சுன்னு தெரியுது. 0.75ல முன்பக்க அகலமும் கிடைக்குது, இடைவெளியும் நிழல்ல மறையுது.

2022 ஜூலை 3

சக்கர விட்டம் பத்தி கேட்டவருக்கு. நம்மளுது புதுசா இருக்கும்போது 1092 மி.மீ., மாடல்ல 12.5. அமெரிக்க சக்கரம் 40 அங்குலம், மாடல்ல 11.7 கிட்ட. நான் மாத்தல. நிஜ சக்கரமும் ஓடி ஓடி, லேத்துல கடைஞ்சு கடைஞ்சு சின்னதாகிட்டேதான் போகும். பல வருஷம் ஓடின வண்டினு வச்சுக்கறேன், நான் பெயிண்ட் அடிக்கப் போறதும் அப்படித்தான்.

2022 ஜூலை 24

பஃபர்.

ஐரோப்பா எச்ஓ பஃபர் செட் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன், பித்தளை, ஸ்பிரிங் வச்சு உள்ள அமுங்கும், ரொம்ப அழகு. கூட வந்த டெம்ப்ளேட்ட வச்சு ஓட்டை போட்டு சொருகி பார்த்தேன். ஏதோ சரியில்ல. பஃபர் ரெண்டும் கப்ளர நெருக்கிக்கிட்டு நிக்குது, புருவம் சேர்ந்த முகம் மாதிரி. அப்புறம்தான் ரயில்வே அளவ எடுத்துப் பார்த்தேன். நம்ம பிராட்கேஜ்ல பஃபர் மையத்துக்கு மையம் 1956 மி.மீ., ஆறடி அஞ்சங்குலம். ஐரோப்பால 1750. மாடல்ல நம்மளுது 22.5 மி.மீ., அவங்களுது 20.1. ரெண்டு மில்லிமீட்டர்னா ஒண்ணுமில்லைனு தோணும், முகத்துல ரெண்டு மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

உயரமும் பாருங்க. லோடு இல்லாம பஃபர் மையம் ரயிலுக்கு மேல அதிகபட்சம் 1105 மி.மீ. மாடல்ல 12.7. நான் 12.4ல வச்சேன், டீசல் ரொப்பி நிக்கற வண்டி கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும்.

பழைய ஓட்டைய அடைச்சுட்டு புதுசா போட்டேன். பீமுக்கு 1 மி.மீ. ஸ்டைரீன்ல புது முகப்புத் தகடு வெட்டி ஒட்டினதால பழைய தழும்பு வெளிய தெரியல. அந்த ஐரோப்பா பஃபரோட தலை சின்னதா இருந்துச்சு, செருப்பு தைக்கறவர் வச்சிருக்கற தோல் பஞ்ச் வாங்கி 5 மி.மீ. வட்டம் வெட்டி முன்னாடி ஒட்டினேன். ஓரத்த கொஞ்சம் உருட்டி விடணும், தட்டையா விட்டா காசு ஒட்டின மாதிரி இருக்கும்.

கப்ளர் கேடீ (அமெரிக்க மாடல் கப்ளர்) தான். நம்ம சிபிசியும் (சென்டர் பஃபர் கப்ளர்) அதே நக்கிள் ஜாதிங்கறதால இது ஒண்ணு பொருத்தமா அமைஞ்சுது. பெல்ல கழட்டிடுங்க, நம்ம லோகோல பெல் கிடையாது. கவ்கேட்சர பித்தளை ஒயர்ல சால்டர் பண்ணேன்.

2022 ஜூலை 24, கொஞ்ச நேரம் கழிச்சு

விட்டுப்போச்சு. பிரேக் ஹோஸும் போட்டாச்சு. ஏர் பிரேக்குக்கான பிபி (பிரேக் பைப்), எஃப்பி (ஃபீட் பைப்) ரெண்டும், பக்கத்துக்கு ரெண்டு. பிபிக்கு பச்சை, எஃப்பிக்கு வெள்ளை அடிச்சேன், சின்ன விஷயம்தான் ஆனா முகத்துக்கு ஒரு களை வந்துடுச்சு.

2022 ஆகஸ்ட் 15

பெரியப்பா லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். டீசல் ஷெட்ல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். நான் இவ்வளவு நாளா அவருகிட்ட இத காட்டவே இல்ல, முடிச்சுட்டு காட்டலாம்னு இருந்தேன். எங்கம்மா சொல்லிட்டாங்க.

கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஜன்னல் கிட்ட கொண்டு போய் ஒரு அஞ்சு நிமிஷம் பேசாம பார்த்தார். அப்புறம் கேட்டார், "கண்ணு, இது எந்த வருசத்து வண்டி?"

எம்பதுக்கு முன்னாடினு சொன்னேன். மெரூன், நடுவுல கிரீம் பட்டை, நான் சின்ன வயசுல பார்த்த மாதிரி. எங்கிட்ட இருக்கற ஒரே பழைய போட்டோவும் அதுதான்.

"அப்ப எதுக்கு சாமி இதுல எஃப்பி பைப்பு?"

எனக்கு பதில் வரல. அவரே சொன்னார். நீ சொல்ற காலத்துல இந்த வண்டியெல்லாம் வேக்குவம் பிரேக். முன்னாடி தடியா, வரி வரியா ஒரே ஒரு ஹோஸ்தான் நிக்கும், யானை தும்பிக்கை மாதிரி. உள்ள இருக்கற எக்ஸ்பிரஸரே அதுக்குத்தான், எக்ஸாஸ்டரும் கம்ப்ரஸரும் ஒரே மெஷின்ல, வேக்குவமும் அதே இழுக்கும் காத்தும் அதே குடுக்கும். ஏர் பிரேக் ட்ரெயினுக்கு வேணும்னு அப்புறம்தான் ரெண்டும் வச்ச வண்டி ஆக்கினாங்க, அத டபிள்யூடிஎம்-2ஏ-னு சொன்னோம், ஏர் பிரேக்கோடவே செஞ்சு வந்தத 2பி-ன்னோம். நீ மெரூன் சட்டைய போட்டுவிட்டு பின்னாடி காலத்து பைப்ப மாட்டி வச்சிருக்கறன்னார்.

கோபமா சொல்லல. ஆனா முப்பது வருஷம் அந்த பைப்ப கையில பிடிச்சவர் கண்ணுக்கு அது முதல்ல பட்டுதுங்கறது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

2022 ஆகஸ்ட் 16

நேத்து எழுதினதுக்கு மேல ராத்திரி பூரா யோசிச்சேன். இந்த கேள்வியோட தொடக்கத்துக்கே திரும்பிப் போறேன். "டபிள்யூடிஎம்-2 செய்யறேன்"னு சொல்றதே தப்பு. 2,600-க்கு மேல வண்டி செஞ்சாங்க, முப்பது வருஷத்துக்கும் மேல செஞ்சாங்க. 78 வாக்குல கொஞ்சம் வண்டி ஷார்ட் ஹூட்ட முழு அகலத்துக்கு ஆக்கி, தாழ்த்தி, பெரிய ஜன்னல் வச்சு வந்துச்சு, ஜம்போன்னு கூப்பிடுவாங்க. ஷெட்டுல மாத்தினது, பி.ஓ.எச்-ல (குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவ செய்யற பெரிய ஓவர்ஹால்) மாத்தினது, பாட்டியாலால பிரிச்சு புதுசா ஆக்கினது, டைனமிக் பிரேக் வச்சது வைக்காதது. 94ல வந்த 2சி 3100 குதிரைத்திறன், அதுக்கு அப்புறம் 3ஏ-னு பேரு மாத்தினாங்க, பார்க்கவே வேற. இது எல்லாத்தையும் கலந்து ஒரு வண்டில வச்சா அப்படி ஒரு வண்டி இந்த தண்டவாளத்துல என்னைக்குமே ஓடியிருக்காது.

அதனால ஒரே வண்டி, ஒரே போட்டோ, ஒரே வருஷம். அதுல தெரியறத மட்டும் செய்யணும், அதுல இல்லாதது எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம். நான் ஜூலைல பெருமையா சொன்ன பச்சை வெள்ளை ஹோஸ் நாலையும் கழட்டியாச்சு. அந்த குறிப்ப அழிக்கல, இருக்கட்டும், வேற யாராவது ஏர் பிரேக் காலம் செஞ்சா உபயோகப்படும்.

வேக்குவம் ஹோஸுக்கு: பழைய கிட்டார் கம்பி, சுருள் சுத்தின தடிப்பு கம்பி. அத சின்னதா வெட்டி வளைச்சு கருப்பு அடிச்சா அந்த வரி வரி அப்படியே கிடைக்குது. பெரியப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். "ம்" அப்படின்னு மட்டும் வந்துச்சு.

2022 செப்டம்பர் 10

ஹூட் கதவு. அளவு டிராயிங் இல்லாம எப்படி இடம் பிடிச்சீங்கன்னு கேட்டவருக்கு. சைடு போட்டோவுல கதவ எண்ணுங்க. கதவு ஒரே அகலத்துல வரிசையா வரும், அதையே ஸ்கேல் குச்சியா வச்சுக்கலாம். புகைபோக்கி எத்தனாவது கதவுக்கு மேல, ரேடியேட்டர் ஷட்டர் எத்தனாவதுல தொடங்குது, ஃபில்டர் ஜன்னல் எங்க, எல்லாத்தையும் கதவு எண்ணிக்கையா எழுதிட்டு அப்புறம் மில்லிமீட்டருக்கு மாத்துங்க. போட்டோ கோணலா இருந்தாலும் எண்ணிக்கை மாறாது.

ஹேண்ட்ரெயில் 0.4 பித்தளை ஒயர். ப்ளைவுட்ல ஆணி அடிச்சு ஜிக் மாதிரி பண்ணிட்டா எல்லா கம்பமும் ஒரே உயரத்துல வரும். சால்டர் பண்றதுக்கு முன்னாடி ஈரத் துணிய பக்கத்து ஜாயிண்ட் மேல போட்டு வைங்க, இல்லைன்னா ஒண்ண ஒட்டும்போது முந்தினது கழண்டுக்கும். ஷெல்ல விட்டு வெளிய வச்சு சால்டர் பண்ணுங்க. நான் அவசரத்துல ஷெல் மேலயே வச்சு ஒரு தடவ தொட்டேன், கேப் ஓரம் உருகி பள்ளமாச்சு, பட்டி வச்சு தேய்க்க ஒரு வாரம்.

2022 அக்டோபர் 23

தீபாவளிக்கு ஊருக்கு கொடுமுடி வந்திருக்கேன், பெயிண்ட் காயட்டும்னு வண்டிய ஈரோட்டுல வீட்டுலயே விட்டுட்டு. கிரீம முதல்ல அடிச்சு, பட்டைக்கு டேப் ஒட்டிட்டு, அதுக்கு மேல மெரூன். லேசான நிறம் முதல்ல, அடர் நிறம் பின்னாடி. மாத்தி அடிச்சா கிரீம் அடியில மெரூன் தெரிஞ்சு பழுப்படிக்கும்.

இன்னைக்கு சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் நடந்துட்டு வந்தேன். ஈரோடு கரூர் லைன்ல இந்த இடத்துலதான் நான் முதல்ல டபிள்யூடிஎம்-2 பார்த்தது. பாசஞ்சர் நின்னு கிளம்பும்போது ட்ரைவர் நாட்ச் (த்ராட்டில் படி) எடுத்த உடனே வண்டி நகராது. முதல்ல சத்தம் மாறும், பொகு பொகுன்னு இருந்தது இறுகும், கருப்பா ஒரு மூட்டை புகை மேல போகும், டர்போ விசில் மெல்ல ஏறும், அதுக்கப்புறம்தான் பெட்டி ஒண்ணொண்ணா இழுபடும். இன்ஜினுக்கு டீசல் போயிடும், டர்போ வேகம் பிடிச்சு காத்து குடுக்கற வரைக்கும் அந்தக் கரும்புகை. ஆல்கோவ இந்த புகைக்காகவே நேசிக்கறவங்க உலகம் பூரா இருக்காங்க.

இங்க நான் பார்த்த முக்காவாசி வண்டி லாங் ஹூட் முன்னாடி வச்சுத்தான் வரும். இது ஏன் முக்கியம்னா, மாடல்ல புகைக்கரி எந்தப் பக்கம் வழியணும்ங்கறத அதுதான் முடிவு பண்ணுது. லாங் ஹூட் முன்ன போனா புகைபோக்கி முன்னாடி, கேப் பின்னாடி, கரி எல்லாம் கேப் கூரை மேலயும் முன் கண்ணாடி மேலயும் வந்து படியும். நிறைய மாடல்ல புகைபோக்கிய சுத்தி வட்டமா கருப்படிச்சு விட்டுடறாங்க. ஓடாம நின்னே புகைஞ்ச வண்டி மாதிரி இருக்கும்.

2022 நவம்பர் 6

கரி: பள்ளிக்கூட கலர் சாக்பீஸ் வேண்டாம், எண்ணெய் இல்லாத பேஸ்டல் கட்டைய பொடி பண்ணி மென்மையான பிரஷ்ல ஹூட் மேல இழுத்தேன், லாங் ஹூட் முனைல இருந்து கேப் பக்கமா மட்டும். கதவு கீழ்ப்பக்கம் எண்ணெய் கசிவு, அதுக்கு கருப்பும் பழுப்பும் கலந்து தின்னர்ல நீர்க்கவிட்டு ஒரே ஒரு கோடு. போகிக்கு பிரேக் தூசு, செம்பழுப்பு. நம்பர் எழுத்து கிரீம் கலர்ங்கறதால வீட்டு பிரிண்டர்ல வராது, வெள்ளை டோனர் இருக்கற கடையில டீகால் (தண்ணில ஊறவச்சு ஒட்டற படம்) ஷீட்ல எடுத்தேன். முதல் ஷீட்ல தேவநாகரி எழுத்து உடைஞ்சு வந்துச்சு, ஃபாண்ட படமா மாத்தி குடுத்தப்புறம் சரியாச்சு.

2022 நவம்பர் 27

சவுண்ட் டீகோடர், அதாவது வண்டிய ஓட்டி சத்தமும் குடுக்கற சின்ன சர்க்யூட். லாங் ஹூட்டுக்குள்ள சேஸிஸ் வெயிட்ட கொஞ்சம் அறுத்து ஸ்பீக்கர் வச்சேன். ஒண்ணு கவனிங்க, ஆல்கோ 251-னு போட்டிருந்தா மட்டும் வாங்கிடாதீங்க. 12 சிலிண்டர் ஒலி வேற, 16 சிலிண்டர் வேற, ஐடில்ல தாளமே மாறும். நான் 16 போட்டேன். மோட்டர் கிளம்பறத ரெண்டு செகண்ட் தாமதப்படுத்தி வச்சிருக்கேன், சத்தம் ஏறினப்புறம்தான் சக்கரம் சுத்தும். கொடுமுடில பார்த்தது அதான்.

அமெரிக்க ஹார்ன அணைச்சுட்டேன். நம்ம ஹார்ன நல்லா பதிவு பண்ணது கிடைக்கற வரைக்கும் ஹார்ன் இல்லாமலே ஓடட்டும்.

2023 ஜனவரி 8

ஓடுச்சு. பதினாலு பெட்டியோட.

18 அங்குல ஆரம் இருக்கற வளைவுல முதல் பெட்டி தடம் புரண்டுச்சு. லோகோ பஃபரும் பெட்டி பஃபரும் உள்வளைவுல ஒண்ணோட ஒண்ணு மோதி பெட்டிய தூக்கிடுது. அகலமா பஃபர் வச்சதோட விலை இது. பஃபர வெட்டறதா, வளைவ மாத்தறதான்னு யோசிச்சு, அந்த மூலைல 24 அங்குலம் போட்டேன், பீரோ ஆறு அங்குலம் நகர்ந்துச்சு. கேடீ கப்ளரையும் நீளமான கால் இருக்கறதா மாத்தினேன். இப்ப பஃபருக்கு நடுவுல கொஞ்சம் இடைவெளி தெரியுது, நிஜத்துல அவ்வளவு இருக்காது. ஏத்துக்கிட்டேன்.

கேள்வி கேட்ட நண்பர் அவரோட ஆர்எஸ்டி-12அ பெயிண்ட் அடிக்காம வச்சிருக்கறதா போன வாரம் எழுதியிருந்தார். பஃபர் டெம்ப்ளேட் ஒண்ண பித்தளைல வெட்டி வச்சிருக்கேன், 22.5க்கு. வேணும்னா அனுப்பறேன்.

2023 ஜனவரி 16

பொங்கலுக்கு பெரியப்பா வந்தார். நான் எதுவும் சொல்லாம கன்ட்ரோலர கைல குடுத்தேன். நாட்ச் எடுத்தார், சத்தம் ஏறி, நின்னு, அப்புறம் நகர்ந்துச்சு. ரெண்டு சுத்து விட்டார். கிரீம் பட்டை, வேக்குவம் ஹோஸ், கேப் மேல கரி எல்லாத்தையும் பார்த்தார். குனிஞ்சு சக்கரத்துகிட்ட முகத்த கொண்டு போனார்.

"மணல் பைப்பு எங்க கண்ணு? மழைல சக்கரம் வழுக்கினா என்ன பண்ணுவ?"

இல்ல. சக்கரத்துக்கு முன்னாடி தண்டவாளத்துக்கு மணல் விடற பைப். என் போட்டோவுல தெளிவா தெரியுது, நான்தான் இத்தனை மாசமா பார்க்கல.

2023 ஜனவரி 17

0.3 ஒயர் வெட்டி வச்சாச்சு. ஆனா ஒரு சிக்கல். பைப்போட வாய் தண்டவாளத்துக்கு நேரா இருக்கணும். நான் சைடு ஃபிரேம 0.75 வெளிய தள்ளி வச்சிருக்கேன், தண்டவாளமோ நிஜத்துல இருக்க வேண்டிய இடத்துல இருந்து 1.37 உள்ள இருக்கு. பைப்ப ஃபிரேமோட நேரா இறக்கினா மணல் ஜல்லி மேலதான் விழும். ரயில் பக்கமா உள்ள வளைச்சா நிஜ வண்டில இல்லாத வளைவு ஒண்ணு வந்துடும்.

பெரியப்பாகிட்ட போன்ல கேட்டேன். மணல் ரயில் மேல விழணும், மத்தது உன் இஷ்டம்னார். வளைக்கறேன்.